கோத்தகிரில அஞ்சு நாள்: மாஸ்டரைப் பாக்கப் போனேன்

முதல் நாள், புதன்

மேட்டுப்பாளையத்துல காலைல ஏழு மணி பஸ். பக்கத்து சீட்ல ஒரு பாட்டி முருங்கைக்காய் கட்டோட உக்காந்திருந்தாங்க, மேல மகள் வீட்டுக்குப் போறாங்களாம், மலைல முருங்கை சரியா வராதுன்னு ஒவ்வொரு தடவையும் கீழ இருந்து சுமந்துட்டுப் போவாங்களாம். மலை ரயில் 1899ல குன்னூருக்கு வந்துச்சு, 1908ல ஊட்டிக்குப் போச்சு, கோத்தகிரி ஆளுங்களுக்கு அன்னைக்கும் இன்னைக்கும் ரோடுதான் கதி. 33 கிலோமீட்டர். குஞ்சப்பனை தாண்டினா காது அடைக்க ஆரம்பிக்கும், அரவேணு வந்தா ஜன்னலை இறக்கி விட்டுடுவாங்க, அப்புறம் டீத்தூள் வாசனை. ஃபேக்டரில இலை காயற வாசனை அது, பத்தாவது வரைக்கும் அந்த வாசனைலதான் ஸ்கூலுக்குப் போனேன்.

எதுக்குப் போறேன்னு சொல்லிடறேன். திருப்பூர்ல ஒரு அப்பார்ட்மென்ட் மொட்டை மாடில சனி ஞாயிறு சிலம்பம் சொல்லித் தர்றேன், வேலை கம்பெனில, இது மனசுக்காக. ஆறு மாசம் முன்னாடி இருபத்திரண்டு பேர் வந்தாங்க, இப்ப ஒன்பது பேர். நான் நல்லாத்தான் சொல்லித் தர்றேன்னு நினைச்சிட்டிருந்தேன், வீடியோ எடுத்துப் போடறேன், டீ சர்ட் அடிச்சுக் குடுத்தேன், போட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன், அப்படியும் புள்ளைங்க ஒவ்வொருத்தரா கிளாஸை விட்டு நின்னுட்டே இருக்காங்க. எனக்குக் கம்பைக் கையில குடுத்த மாஸ்டர் நாற்பது வருஷத்துக்கு மேல ஒரே இடத்துல விடாம சொல்லிக் குடுத்துட்டிருக்கார். அவர்கிட்ட போய் உக்காந்து பாக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. அரையாண்டு லீவுல புள்ளைங்க நிறைய வருவாங்க, இப்ப வான்னு சொன்னார், கிளம்பிட்டேன்.

கோத்தகிரில இருந்து இன்னொரு மினி பஸ், இருபது நிமிஷம். ஊர் பேரை எழுதாத, வண்டி போட்டுட்டு ஆளுங்க வந்து நிப்பாங்கன்னு மாஸ்டர் சொல்லிட்டார், அதனால அவர் பேரும் ஊர் பேரும் இதுல இருக்காது.

வாசல்ல நின்னுட்டிருந்தார். வயசு அறுபத்தஞ்சைத் தாண்டிடுச்சு, குல்லா, ஸ்வெட்டர், மேல ஒரு சால்வை. இடது தோள் இப்ப மேல தூக்க வரலையாம். என்னைப் பாத்ததும் முகத்தைப் பாக்கல, காலைப் பாத்தார், "வெயிட்டு போட்டுட்ட தம்பி, குதிங்கால்ல நிக்கிற"ன்னார். மாஸ்டர் வீட்டம்மா, எங்களுக்கு அம்மா, உள்ள இருந்து பிளேன்டி, பால் ஊத்தாத டீ, கொண்டு வந்தாங்க, கூடவே ரொட்டியும் தேங்காய் சம்பலும். இந்த வீட்டுல அது மாறவே இல்ல.

மாஸ்டர் குடும்பம் இலங்கைல இருந்து வந்தவங்க. 1964 அக்டோபர்ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க, தோட்டத்துல தலைமுறை தலைமுறையா கொழுந்து பறிச்ச நம்ம ஜனங்கள்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேரை இலங்கை வெச்சுக்கணும், மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பேசிக்கலாம்னு. அந்தக் கணக்குல ஒருத்தரா மாஸ்டர் எழுபதுகள்ல பன்னண்டு வயசுல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் இறங்கி மண்டபம் கேம்ப்ல இருந்து இங்க வந்திருக்கார். இந்த மாதிரி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல அரசாங்கம் நீலகிரில தேயிலைத் தோட்டமே போட ஆரம்பிச்சுது. தாத்தா கண்டி பக்கம் லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டுல, கம்பு வாத்தியாராம். கப்பல்ல தாத்தாவோட கம்பைக் கொண்டு வரலையான்னு கேட்டேன். "பாத்திரம் பண்டத்துக்கே எடம் பத்தல, கம்பா? காலடி தெரியும்ல, அது போதும்னுட்டார் தாத்தா"ன்னார்.

படுக்கை அடுப்படி பக்கத்துல. தலைக்கு மேல பரண்ல முப்பது நாற்பது கம்பு, புகை பட்டுக் கறுத்துப் போய். இந்த ஈரத்துல வெளிய வெச்சா மூங்கில் பூசணம் பூத்துடும், அதான் அடுப்புக்கு மேல. கல்மூங்கில், கீழ இருந்து வாங்கிட்டு வந்து நிழல்ல காயப்போட்டு, நெளிவு இருந்தா தீயில வாட்டி நிமித்தி, எண்ணெய் பூசி வைப்பார். கையில நிறுத்தினா நெத்தி வரைக்கும் வரணும், புள்ளை வளந்துட்டா அவன் கம்பு அடுத்த சின்னவனுக்குப் போயிடும், ஒவ்வொண்ணுலயும் அடில ரெண்டு மூணு பேரோட இனிஷியல் கத்தியால கீறியிருக்கு. என்னோடது இருக்கான்னு தேடினேன். அது ஒடைஞ்சு ரொம்ப வருஷமாச்சு, வெந்நி வெச்சுட்டேன்னு அம்மா சொன்னாங்க.

ரெண்டாம் நாள், வியாழன்

அஞ்சரைக்கு கிளாஸ். அஞ்சு மணிக்கு மாஸ்டர் டார்ச்சோட கிளம்பிட்டார். காட்டு மாடு ரோட்டுலயே நிக்கும், கரடியும் உண்டு, அதனால புள்ளைங்க தனியா வரக் கூடாதுன்னு சட்டம். மேல தோட்டத்து லைன் வீடுங்கள்ல இருந்து ஒரு கூட்டம், படுகர் ஊரான ஹட்டில இருந்து ஒரு கூட்டம், டவுன் பக்கம் இருந்து ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெரிய புள்ளை ஒண்ணு பொறுப்பு, பேசிக்கிட்டே சத்தம் போட்டுக்கிட்டே வரணும். கிளாஸுக்கு வர்றதே ஒரு பயிற்சியா இருக்கு.

நான் பத்து நிமிஷம் பிந்திட்டேன், மூட்டு பிடிச்சிடுச்சு. கிரவுண்டு எங்கன்னு கண்ணுக்குத் தெரியல, அவ்ளோ மேகம், ஆனா சத்தம் கேட்டுச்சு. முப்பது கம்பு ஒண்ணா சுத்துற அந்த உய்ங்ங்ங்கற சத்தம், எதிர்ல மலைல பட்டுத் திரும்பி இன்னொரு கிளாஸ் அந்தப் பக்கம் நடக்குற மாதிரி வருது. சிலம்புங்கற வார்த்தைக்கு அகராதில மலைன்னு ஒரு அர்த்தம் இருக்கு, ஒலின்னும் இருக்கு, குறிஞ்சித் தலைவனுக்கு சிலம்பன்னே பேரு. திருப்பூர் மொட்டை மாடில இதைப் பசங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், இங்க நின்னப்பதான் உடம்பு சிலிர்த்துச்சு.

கிட்ட போனா முன்னாடி நின்னு சொல்லிக் குடுக்கறது மாஸ்டர் இல்ல. பதினொண்ணாவது படிக்கிற ஒரு பொண்ணு. குரல் கணீர்னு. வணக்கம் போட வெச்சு, தரையைத் தொட்டுக் கண்ணுல ஒத்தி, காலடி வரிசை சொல்ல சொல்ல மொத்த வரிசையும் நகருது. மாஸ்டர் எல்லாருக்கும் பின்னாடி, சால்வையைப் போத்திக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு நடக்கறார். நான் படிச்ச காலத்துல அவர்தான் முன்னாடி நிப்பார். ஏன் மாஸ்டர் பின்னாடி போயிட்டீங்கன்னு கேட்டேன்.

"முன்னாடி நின்னா கைதான் தெரியும். குதிங்கால் பின்னாடி இருந்துதானே தெரியும்?"

கொஞ்ச நேரம் அவர் கூடவே நடந்தேன், நிஜமாவே தெரியுது. கை ஜோரா சுத்துற பையன் ஒருத்தன் திரும்பறப்ப பின்னங்கால் தரையிலயே ஒட்டிக்கிட்டு இடுப்பைத் திருகறான், இப்படியே ரெண்டு வருஷம் போனா முட்டி போயிடும். மாஸ்டர் ஒண்ணும் சொல்லல, கையில வெச்சிருந்த சின்னக் குச்சியால அவன் குதிங்காலுக்குக் கீழ லேசாத் தட்டினார், அவ்ளோதான், அடுத்த சுத்துல கால் எழும்பிடுச்சு. நான் என் பசங்களை முன்னாடி நின்னு, அதுவும் போன் வழியா, வீடியோ எடுத்துக்கிட்டே பாத்துட்டிருந்திருக்கேன்.

புதுசா வர்ற புள்ளைக்கு மூணு மாசம் கம்பே கிடையாது. வெறும் காலடி. இது அன்னைக்கும் அப்படித்தான், என் கூட சேந்த ரெண்டு பேர் இதுக்கே ஓடிட்டாங்க. நான் திருப்பூர்ல முதல் நாளே கம்பைக் குடுத்துடறேன், இல்லைன்னா அப்பா அம்மா ஃபீஸ் கட்ட மாட்டாங்கன்னு பயம். மாஸ்டர் ஃபீஸே வாங்கறதில்ல. டீ ஃபேக்டரில வேலை பாத்தார், இலை வாட்டற செக்‌ஷன்ல நைட் ஷிப்ட், விடியக்காலம் முடிச்சுட்டு நேரா கிரவுண்டுக்கு வருவார், சட்டைல பச்சை இலை வாசனை அடிக்கும். ரிட்டயர் ஆனப்புறமும் நேரம் மாறல.

இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. கிரவுண்டு ஓரத்துல சாக்கு விரிச்சு ஏழெட்டு சின்னப் புள்ளைங்க, மூணு வயசு நாலு வயசு இருக்கும், கம்பளியைச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கு, ஒண்ணு தூங்குது. ஏதோ வேடிக்கை பாக்க வந்திருக்குன்னு நினைச்சேன். ஏழு மணிக்கு அம்மா தூக்குப் போணில பாலும் ரஸ்க்கும் கொண்டு வந்து முதல்ல இந்தக் குட்டிங்களுக்குத்தான் குடுத்தாங்க.

மூணாம் நாள், வெள்ளி

இன்னைக்குத்தான் விஷயம் புரிஞ்சுது, அதனால கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

கிளாஸ் முடிஞ்சதும் மாஸ்டர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். அட்டெண்டென்ஸ். ஒரு பையன் பேருக்கு நேரா மூணு நாளா வட்டம் போட்டிருக்கு. "வர்றியா, நடந்துட்டு வரலாம்"னார். தேயிலைக்கு நடுவுல ஒத்தையடிப் பாதை, ஏத்தம், எனக்கு மூச்சு வாங்குது, அவர் மெதுவா ஆனா நிக்காம போறார். வழியெல்லாம் கொழுந்து எடுக்கற அக்காமாருங்க "வாத்தியாரே, வாத்தியாரே"ன்னு கூப்பிடறாங்க, அதுல பாதிப் பேர் அவர்கிட்ட கம்பு கத்துக்கிட்டவங்க, அவங்க புள்ளைங்க இப்ப கத்துக்குது.

லைன் வீடு. ஆறாவது படிக்கிற பையன் வாசல்ல நிக்கிறான், இடுப்புல தங்கச்சி. மாஸ்டரைப் பாத்ததும் முகம் வாடிடுச்சு, திட்டுவார்னு நினைச்சிருப்பான். ஏன் வரலைன்னு அவர் கேக்கவே இல்ல. உள்ள போய் உக்காந்தார், பாட்டிகிட்ட கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டார், டீ குடிச்சார். பாட்டிதான் சொன்னாங்க, அவங்க அம்மாவுக்கு ஷிப்ட் மாறிடுச்சு, காலைல அஞ்சு மணிக்குப் போயிடறாங்க, பாப்பாவை இவன்தான் பாத்துக்கறான், எனக்கு எந்திரிச்சு ஓட முடியாதேன்னு.

மாஸ்டர் பாப்பாவைப் பாத்தார். "இவ கம்பளில படுத்துக்குவாளா?"

அவ்ளோதான் பேச்சு. நாளைல இருந்து பாப்பாவையும் தூக்கிட்டு வா, இறக்கத்துல வழுக்கும், பெரியவங்க கூட வான்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டார். அப்பத்தான் நேத்து பாத்த சாக்கும் கம்பளியும் எனக்குப் புரிஞ்சுது. அந்த ஏழெட்டுக் குட்டிங்க வேடிக்கை பாக்க வந்ததுங்க இல்ல, ஒவ்வொண்ணும் இப்படி ஒரு வீட்டுல இருந்து கிளம்பி வந்தது, அதுங்க வர்றதாலதான் அண்ணனும் அக்காவும் வர முடியுது. அந்தப் பதினொண்ணாவது பொண்ணும் இப்படி சாக்குல படுத்துக் கெடந்ததுதானாம், கண்ணு முழிச்சதுல இருந்து காலடியைப் பாத்து வளந்தவன்னு அம்மா அப்புறம் சொன்னாங்க.

திரும்பி வர்றப்ப நிறைய பேசினார். ஆரம்பத்துல லைன்காரப் புள்ளைங்க மட்டும்தான் வந்தாங்களாம். ஊருக்குள்ள சிலோன்காரங்கன்னு ஒரு மாதிரி பாத்த காலம் அது. எம்.ஜி.ஆர். படத்துல கம்பு சுத்தறதைப் பாத்துட்டு மத்த ஊர்ப் பசங்க ஒவ்வொருத்தரா எட்டிப் பாத்தாங்க, "அவரும் கண்டி பக்கம் பொறந்தவர்தான்டா"ன்னு இவர் சொல்லுவாராம், 1917ல எம்.ஜி.ஆர். அங்கதான் பொறந்தார்னு பல பேருக்கு அப்ப தெரியாதாம், அதைச் சொல்லும்போது அவர் முகத்துல இப்பவும் ஒரு சந்தோஷம். அப்புறம் படுகர் வீட்டுப் புள்ளைங்க வந்தாங்க, இருளர் வீட்டுப் புள்ளைங்க வந்தாங்க. வரிசைல உயரத்தைப் பாத்துத்தான் நிக்கணும், வேற எதையும் பாத்து நிக்கக் கூடாது. ஒரு தடவை ரெண்டு வீட்டுக்காரங்க தகராறுல எங்க புள்ளை அவன் பக்கத்துல நிக்காதுன்னு ஒருத்தர் வந்து சொன்னாராம். அப்ப நீங்க சொல்ற இடத்துல நானே நிக்கிறேன், உங்க புள்ளை என் பக்கத்துல நிக்கட்டும்னு இவர் போய் நடுவுல நின்னுக்கிட்டாராம். எத்தனை நாள் அப்படின்னு கேட்டேன். "ஒரு வருசம் இருக்கும்"னார், ரொம்ப சாதாரணமா.

சாயங்காலம் மழை. பழைய நோட்டெல்லாம் ஒரு தகரப் பெட்டில இருக்கு, பாக்கட்டுமான்னு கேட்டு எடுத்தேன். பூச்சி அரிச்சது போக மிச்சம் அம்பதுக்கு மேல இருக்கும். எங்க பேட்ச் நோட்டு கிடைச்சுது. என் பேருக்கு நேரா ஒரு மாசத்துல பதினோரு நாள் வட்டம். பக்கத்துல பென்சில்ல, "அப்பாவுக்கு மஞ்சக்காமாலை. போய் வந்தேன். புதன் மறுபடி போகணும்."

எனக்கு ஞாபகம் இருக்கு. மாஸ்டர் பன் பாக்கெட்டோட வீட்டுக்கு வந்தார், அப்பா கட்டில்ல, இவர் கீழ உக்காந்து அரை மணி நேரம் தேயிலை விலை பத்திப் பேசிட்டுப் போனார். அப்பாவைப் பாக்க வந்தார்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். அப்பா தேறினப்புறம் நானா கிளாஸுக்குத் திரும்பிப் போனேன்னும் நினைச்சிட்டிருந்தேன்.

நோட்டை மூடி வெச்சுட்டு வாசல்ல போய் ரொம்ப நேரம் மழையைப் பாத்துட்டு நின்னேன். அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல, என்ன சொல்றதுன்னும் தெரியல.

நாலாம் நாள், சனி

காலைல பையன் வந்துட்டான், இடுப்புல பாப்பா. பாப்பா கம்பளிக்குள்ள போனதும் அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுச்சு.

இன்னைக்குத் தொடுமுறை. நுனி உடம்புல பட்டா பாயிண்ட், அடிக்கறது இல்ல தொடறதுதான். மாஸ்டர் என்னையும் அந்தப் பதினொண்ணாவது பொண்ணையும் நிக்க வெச்சார். மூணு தடவை தொட்டுட்டா, மூணும் ஒரே மாதிரி, மேல வர்ற மாதிரி காட்டி நான் கம்பைத் தூக்கினதும் கீழ முட்டிக்கு மேல. அவ கம்பை நான் பாத்துட்டே இருக்கேன், அவ என் காலைப் பாத்துட்டு இருக்கா. ஒரு தடவை கூட என் கம்பைப் பாக்கல அந்தப் பொண்ணு. முடிஞ்சதும் கும்பிட்டு "அண்ணா, இடது கால் லேட்டா வருது"ன்னு மரியாதையா சொல்லிட்டுப் போனா.

அவளுக்குப் போலீஸ் ஆகணும்னு ஆசை. அரசாங்க வேலைல விளையாட்டுக்காரங்களுக்கு இருக்கற 3 சதவீத ஒதுக்கீட்டுல இப்ப சிலம்பமும் சேந்துடுச்சு, 2024 ஜனவரில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டில சிலம்பத்தை டெமோ விளையாட்டா வெச்சாங்க, அதையெல்லாம் விரல் விட்டுச் சொல்றா. மாஸ்டர் காலத்துல இதுக்கு ஒரு சர்டிபிகேட் கூட கிடையாது, திருவிழால சுத்தினா ஒரு துண்டு போடுவாங்க. இந்த மாற்றம் அவருக்கு ரொம்பப் பெரிய நிம்மதி, போட்டி விண்ணப்பம் எல்லாம் அந்தப் பொண்ணை விட்டே எழுத வைக்கறார், அடுத்த வருஷம் அவ காலேஜ் போயிட்டா யார் எழுதறதுன்னு இப்பவே ஒன்பதாவது பையன் ஒருத்தனைப் பக்கத்துல உக்கார வெச்சிருக்கார். எனக்கு வந்த ஆர்டர், எனக்கு வந்த இன்விடேஷன்னு எல்லாத்தையும் நான் ஒருத்தனே கையில வெச்சிருக்கேன் திருப்பூர்ல.

மதியம் கன்னேரிமுக்கு போய் சல்லிவன் பங்களா பாத்தேன், 1819ல கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் கட்டினது, இப்ப மியூசியம். மனசு அங்க ஒட்டல, சீக்கிரம் திரும்பிட்டேன். அம்மாவுக்கு விறகு ஒடைச்சுக் குடுத்தேன்.

ராத்திரி மாஸ்டருக்குத் தோளுக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டேன். உங்களுக்கு அப்புறம் யாரு மாஸ்டர்னு கேக்க வாய் வந்துச்சு, கேக்கல. காலைல அவர் பின்னாடி நிக்க முன்னாடி கிளாஸ் அது பாட்டுக்கு நடக்கறதைத்தான் மூணு நாளா பாத்துட்டிருக்கேனே.

அஞ்சாம் நாள், ஞாயிறு

கிளாஸ் முடிச்சுட்டுக் கிளம்பினேன். ஒரு கம்பு குடுத்தார், பரண்ல இருந்து, அடில மூணு இனிஷியல் இருக்கு. "சின்னவனுக்கு ஆகும், உனக்கில்ல"ன்னார். அம்மா சம்பல் கட்டிக் குடுத்தாங்க.

பஸ் இறங்க இறங்க வெக்கை ஏறுது. கொண்டை ஊசி வளைவுல கம்பு உருண்டு உருண்டு போகுது, காலால அணைச்சுப் பிடிச்சுட்டு வந்தேன். திருப்பூர்ல என் கிளாஸை விட்டு ஆகஸ்ட்ல நின்னுட்டான் ஒரு பையன், ஆறாவது படிக்கறவன், நல்ல உயரம், சிரிச்ச முகம். நின்னப்ப வாட்சப் குரூப்ல ஃபீஸ் பாக்கின்னு ஒரு மெசேஜ் போட்டேன், பதில் வரல, குரூப்ல இருந்து எடுத்துட்டேன். அவ்ளோதான் நான் செஞ்சது.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நின்னு அவங்க அம்மாவுக்குப் போன் போட்டேன். அவங்க பதறிட்டாங்க, சார் அந்த முன்னூறு ரூபா அடுத்த மாசம் குடுத்துடறோம் சார்னு. அதுக்கில்லம்மா, பையன் எப்படி இருக்கான்னு கேட்டேன். நல்லா இருக்கான் சார், சாயங்காலம் இன்னும் கம்பு வெச்சுத்தான் விளையாடறான், விளக்கமாத்துக் குச்சியை எடுத்து வெச்சிருக்கான்னாங்க. இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமாம்மான்னு கேட்டேன். எதுக்கு சார்னாங்க. சும்மா, பாத்துட்டுப் போறேன், நீங்க பி பிளாக்தானேன்னேன்.

இல்ல சார், நாங்க அப்பார்ட்மென்ட் இல்ல. பின்னாடி தெரு, பைப்புக்கு எதிர்ல ஓட்டு வீடு. அங்க வேலைக்கு வர்றேன்ல, அதான் சேத்து விட்டேன்னாங்க.

திருப்பூர் பஸ் கிளம்பிடுச்சு. கம்பு காலுக்குக் கீழ இருக்கு.